கொடிமலைக்கு முன்னும் பின்னும்

பினாங்கில் பிறந்து வளர்ந்தவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கொடிமலை எங்களுக்கு ஒரு வானிலை அறிக்கை, அவ்வளவுதான். காலையில் மலை பளிச்சென்று தெரிந்தால் துணி காயும். மேகம் மூடியிருந்தால் குடை எடுத்துக்கொள்ள வேண்டும். மற்றபடி மேலே போவதெல்லாம் வெளியூர் உறவினர் வந்தால்தான்.

எனக்கும் அப்படித்தான். இருபது வயதாகிறது. ஆறாம் ஆண்டில் தமிழ்ப்பள்ளிச் சுற்றுலா ஒரு முறை, கோலாலம்பூர் மாமா குடும்பம் வந்தபோது ஒரு முறை என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்த முறை போனதற்கும் காரணம் வெளியூர்க்காரர்களே. என் வகுப்புத் தோழிகள் இருவர், ஒருத்தி சித்தியவான், இன்னொருத்தி குளுவாங். இரண்டு ஆண்டுகளாகப் பினாங்கில் படிக்கிறார்கள். பார்த்ததெல்லாம் விடுதி, நூலகம், கர்னி டிரைவ். இடைப்பருவ விடுமுறையில் மாசி மகம் வந்தது. அன்று மாலை தெலுக் பஹாங்கில் சிங்கமுகக் காளியம்மன் கோயிலின் தெப்பத் திருவிழா. “காலையில் மலைக்குப் போவோம், மதியம் மலைக்குப் பின்னால் பாலிக் புலாவ், அங்கிருந்து வடக்கே போனால் சாயங்காலம் தெப்பம்” என்று நான்தான் திட்டம் போட்டேன். மலையை ஒரு சுற்றுச் சுற்றிவிடலாம். அப்பாவின் பழைய மைவி, என்னுடைய ஓட்டுநர் உரிமம், மூன்று பேர்.

நான்காவது ஆளை நான் எதிர்பார்க்கவில்லை.

பாட்டி ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். முந்தைய இரவு நாங்கள் மூவரும் அங்கேதான் தங்கினோம். தோசை ஊற்றிக்கொண்டே எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவர், கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “நானும் வரேன்” என்றார்.

“பாட்டி, நாள் முழுக்க சுத்தணும். முட்டி வலிக்கும்.”

“மலைக்குப் போய் முப்பது வருசம் ஆச்சு. சமையக்கட்டு ஜன்னல்ல தினம் பார்க்கிறேன். நீங்க மட்டும் போய்ட்டு வந்து படம் காட்டுவீங்களா?”

பாட்டிக்கு 76 வயது. மறுத்துப் பேச யாருக்கும் துணிவில்லை.

அதிகாலையிலேயே கீழ் நிலையத்துக்குப் போய்விட்டோம். இது எல்லா மாணவர்களுக்கும் நான் சொல்லும் முதல் யோசனை. விடுமுறை நாளில் பத்து மணிக்கு மேல் போனால் வரிசையில் நிற்பதிலேயே பாதி நாள் போய்விடும். சொந்தக் காடி இல்லாதவர்கள் கொம்தாரிலிருந்து 204-ஆம் எண் ராபிட் பினாங்கு பேருந்து பிடித்தால் நிலையத்து வாசலிலேயே இறங்கலாம். மைகார்ட் காட்டினால் உள்நாட்டவர் கட்டணம். மாணவர்களுக்கும் முதியவர்களுக்கும் சலுகை உண்டு. பாட்டிக்கு வரிசையில் நிற்கும் வேலையும் இல்லை. தலை நரைத்தவரைக் கண்டதும் பணியாளர் ஒருவர் தனி வழியில் அழைத்துப் போனார். அவருடைய தயவில் நாங்களும் முன்னே போய்விட்டோம். குளுவாங் தோழி என் காதில், “எல்லாப் பயணத்துக்கும் பாட்டியைக் கூட்டிட்டு வரலாம்” என்றாள்.

மலை ரயில் எப்படி ஏறுகிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? இயற்பியலில் கப்பியும் எடையும் படித்திருப்பீர்கள். கொடிமலை ரயில் அதேதான். இரண்டு பெட்டிகள், அவற்றை இணைக்கும் ஒரு கம்பிவடம், உச்சியில் ஒரு பெரிய சக்கரம். ஒன்று இறங்கும்போது அதன் எடை மற்றதை மேலே இழுக்க உதவுகிறது. மோட்டார் சுமக்க வேண்டியது இரண்டு பெட்டிகளின் எடை வேறுபாட்டையும் உராய்வையும் மட்டுமே. தண்டவாளம் பெரும்பாலும் ஒன்றுதான். நடுவழியில் மட்டும் இரண்டாகப் பிரிந்து பெட்டிகள் ஒன்றையொன்று கடக்கும். அந்த ஒரு நொடிக்காக எல்லாரும் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

பாட்டி படம் எடுக்கவில்லை. “நடு ஸ்டேஷன்ல இறங்க வேண்டாமா?” என்று கேட்டார்.

அவர் நினைவில் இருந்தது பழைய ரயில். 1923-இல் ஓடத் தொடங்கி, 1924 புத்தாண்டு நாளில் ஆளுநர் கில்மார்ட் அதிகாரபூர்வமாகத் திறந்து வைத்த பாதை அது. இரண்டு பகுதிகளாக இருந்தது. பாதி மலையில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டும். மேலே போய்ச் சேர அரை மணி நேரம் ஆகும். 2010-இல் அதை நிறுத்திவிட்டுப் புதிய பாதை போட்டு, 2011-இல் இப்போதுள்ள ரயிலை விட்டார்கள். இதில் மாறும் வேலை இல்லை. சில நிமிடங்களில் உச்சி வந்துவிடுகிறது. 79 மீட்டர் நீளமுள்ள சுரங்கத்தை நாங்கள் கவனிப்பதற்குள் கடந்துவிட்டோம். பாட்டிக்கு இது கொஞ்சம் ஏமாற்றம். “மரமே பார்க்கல, அதுக்குள்ள வந்துடுச்சு.”

மேலே காற்று சில்லென்று இருந்தது. கீழே இருப்பதைவிட நாலைந்து பாகை குறைவாக இருக்கும். ஜார்ஜ் டவுன் முழுதும் காலடியில் கிடந்தது. கொம்தார் ஒரு தீப்பெட்டிபோல, 1985-இல் திறந்த முதல் பாலம் ஒரு கோடுபோல, தெற்கே 2014-இல் திறந்த இரண்டாவது பாலம் பனியில் மங்கலாக. வடக்கே கடாவின் ஜெராய் மலை தெரிந்தது. அதன் அடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கு. 1025-இல் ராஜேந்திர சோழனின் படை வந்த கடாரம் அந்தப் பக்கம் என்று நான் சொன்னதும், சித்தியவான் தோழி, “அப்போ கப்பல்லேர்ந்து இந்த மலையைப் பார்த்திருப்பாங்களா?” என்று கேட்டாள். அந்தக் கடல்வழியில் போகிறவர் கண்ணில் இந்த மலை படாமல் இருக்குமா!

ஆங்கிலேயர் வந்த கதை பாடப்புத்தகத்தில் இருக்கிறது. 1786-இல் பிரான்சிஸ் லைட் தீவில் கால் வைத்தார். ஓரிரு ஆண்டுகளிலேயே மலையில் ஒரு பாதை வெட்டச் சொல்லி, மேலே ஸ்ட்ராபெரி பயிரிட்டுப் பார்த்தார். அடிவாரத்து வெப்பமும் மலேரியாவும் தாங்காத அதிகாரிகள் ஓய்வுக்கு மேலே வந்தார்கள். ஒவ்வொரு மேட்டிலும் ஒரு பங்களா எழுந்தது. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களைப் பற்றிக் குறிப்புத் தர ஒரு கொடிமரம் நட்டார்கள். அதனால் மலாயில் புக்கிட் பெண்டேரா, நமக்குக் கொடிமலை. தமிழர்கள் எவ்வளவு அழகாகப் பெயரை மொழிபெயர்த்து வைத்திருக்கிறோம் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தபோது, குளுவாங் தோழி ஒரு தகவல் பலகையைப் படித்துவிட்டுத் திரும்பினாள்.

“பங்களா கட்டினவங்க பேர் இருக்கு. இவ்வளவு உயரத்துக்கு அவங்க எப்படி வந்தாங்க, ரயிலுக்கு முன்னாடி?”

குதிரையில் வந்தார்கள். அல்லது டோலியில் வந்தார்கள். நாற்காலியை மூங்கில் கழிகளில் கட்டி, பல பேர் தோள்கொடுத்துத் தூக்கும் டோலி. 1906 வாக்கில் ஒரு ரயில் பாதையைக் கட்டி முடித்தும் அது கோளாறினால் ஓடவில்லை. ஆகவே 1923 வரை, ஏறத்தாழ 130 ஆண்டுகள், துரைகளும் துரைசானிகளும் மனிதத் தோள்களில்தான் ஏறினார்கள். உச்சியில் இருக்கும் அருள்ஒளி திருமுருகன் ஆலயம், அந்த டோலி தூக்கிகளும் இந்தியச் சிப்பாய்களும் கும்பிட்ட சிறு சந்நிதியாக 1800-களில் தொடங்கியது என்று சொல்கிறார்கள். இன்று வண்ணக் கோபுரத்தோடு, பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. சுற்றுப்பயணிகள் சிலை முன் படம் எடுத்துவிட்டு நகர்கிறார்கள். தோள் வலியோடு ஏறியவர்கள் மூச்சு வாங்கிய இடம் இது என்று தெரிந்தால் கொஞ்ச நேரம் நிற்பார்களோ என்னவோ. ரயில் வந்ததும் அவர்கள் என்ன ஆனார்கள்? சுமை இறங்கியது, கூலியும் போயிருக்கும். 1923 அவர்களுக்கு நல்ல ஆண்டா கெட்ட ஆண்டா என்று நான் படித்த எந்தப் பலகையிலும் இல்லை.

கோயிலில் பாட்டி வெகுநேரம் நின்றார். வெளியே வந்து திண்ணையில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டே, “எங்கப்பா கிருத்திகைக்கு இங்கதான் வருவாரு” என்றார்.

எனக்கு அது புதிய செய்தி. பாட்டியின் அப்பா, அதாவது என் கொள்ளுத் தாத்தா, எங்கோ தோட்டவேலை செய்தார் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். நாங்கள் எல்லாரும் அதை ரப்பர் தோட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். இல்லையாம். கொடிமலைப் பங்களா ஒன்றில் தோட்டக்காரர். பூச்செடி, புல்வெட்டு, வேலி. வாரம் முழுதும் மேலே பங்களாவின் பின்புற அறையில் இருந்துவிட்டு, ஓய்வு நாளில் ஆயர் ஈத்தாமுக்கு இறங்கி வருவாராம்.

“ரயில்லயா பாட்டி?”

“ரயிலா? காசு யாரு குடுப்பா? நடந்துதான். வரும்போது பூ கொண்டு வருவாரு, போகும்போது அம்மா கருவாடு கட்டிக் குடுப்பாங்க.”

தன் பங்களாவை ஒட்டி ரயில் ஓடிய மனிதர், நடந்து இறங்கியிருக்கிறார். எந்தப் பங்களா என்று கேட்டேன். பாட்டி சுற்றும் முற்றும் பார்த்தார். மரங்கள் வளர்ந்துவிட்டன, பாதை மாறிவிட்டது. கையை மேற்கே பொதுவாக வீசி, “அந்தப் பக்கம்” என்றார்.

“உங்க கொள்ளுத் தாத்தா பேர் என்ன?” என்று சித்தியவான் தோழி என்னிடம் கேட்டாள். பிரான்சிஸ் லைட் வந்த ஆண்டு, ரயிலின் நீளம், ஆளுநர் பெயர் எல்லாவற்றையும் காலையிலிருந்து ஒப்பித்துக்கொண்டு வந்தவள் நான். அந்தப் பெயர் எனக்குத் தெரியவில்லை. அதற்குள் பாட்டி எழுந்து தேநீர்க் கடைப் பக்கம் நடந்துவிட்டார்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் கட்டடப் பொறியியல் படிக்கிறேன். இந்த மலையில் இனி எதையும் கட்டக் கூடாது என்று வகுப்பில் வாதாடும் கூட்டத்தைச் சேர்ந்தவள். 2021 செப்டம்பரில் யுனெஸ்கோ கொடிமலையை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. தாசேக் சினி, சபாவின் குரோக்கர் மலைத்தொடர் ஆகியவற்றுக்குப் பிறகு மலேசியாவில் அது மூன்றாவது. இப்போது தாவரவியல் பூங்கா பக்கத்திலிருந்து உச்சிக்குக் கேபிள் கார் அமைக்கும் பணி நடக்கிறது. வேண்டும் என்பவர்கள் ரயில் ஒன்றை மட்டும் நம்பியிருக்கக் கூடாது, அது பழுதானால் மாற்று வழி வேண்டும் என்கிறார்கள். வேண்டாம் என்பவர்கள், ஏற்கெனவே நெரிசலான உச்சி இன்னும் எத்தனை பேரைத் தாங்கும் என்று கேட்கிறார்கள். நான் இரண்டாவது பக்கம். ஆனால் அன்று தேநீர்க் கடையில் பாட்டி மைலோ குடித்துக்கொண்டு முகில் பார்ப்பதைப் பார்த்தபோது வாய் கொஞ்சம் அடைத்துப்போனது. மூன் கேட்டிலிருந்து நடந்து வர அவரால் முடியாது. ஜீப் பாதை 5 கிலோமீட்டர், எனக்கே தொடை நடுங்கும் செங்குத்து. கம்பிவடமும் மோட்டாரும் இல்லையென்றால் பாட்டிக்கு இந்த மலை சமையலறை ஜன்னலோடு முடிந்திருக்கும். இரண்டும் உண்மை. இரண்டையும் எப்படிச் சேர்த்து வைப்பது என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

பதினோரு மணிக்கு இறங்கினோம். கொடிமலை உச்சிக்குச் சொந்த வாகனத்தில் ஏற முடியாது. ஜீப் பாதை மேலே குடியிருப்பவர்களுக்கும் அனுமதி பெற்ற வாகனங்களுக்கும்தான். மலையோரம் காடி ஓட்ட ஆசைப்படுபவர்கள் அதைச் சுற்றித்தான் போக வேண்டும். ஆயர் ஈத்தாமிலிருந்து தெற்கே பாயா தெருபோங் வழியாக வந்து, ஜாலான் துன் சார்டோனில் திரும்பினால் மலையைத் தாண்டி மறுபுறம் பாலிக் புலாவில் இறங்கலாம்.

பாயா தெருபோங்கில் இரண்டு பக்கமும் அண்ணாந்து பாருங்கள். முப்பது நாற்பது மாடிகள், அவற்றின் முதுகில் வெட்டப்பட்ட மலை. பினாங்கில் 76 மீட்டருக்கு மேல் உள்ள நிலமும், 25 பாகைக்கு மேல் சரிவுள்ள நிலமும் மலை நிலமாகக் கருதப்படுகின்றன. அங்கே வீடமைப்புக்கு அனுமதி இல்லை. ‘சிறப்புத் திட்டம்’ என்ற வகைக்கு மட்டும் விலக்கு உண்டு. விதி என்னவோ தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் 76 மீட்டருக்குக் கீழே வெட்டினாலும் மலை மலைதான். நம் தீவின் மலைகள் பெரும்பாலும் கருங்கல். மேலே தெரிவதோ, காலங்காலமாக மழையிலும் வெயிலிலும் மக்கிய மண் போர்வை. அடியில் வெட்டினால் போர்வைக்குப் பிடிமானம் போய்விடும். மழைநீர் உள்ளே இறங்கினால் மண்ணின் எடை கூடும், மண்துகள்களுக்கிடையே உள்ள பிடி தளரும். பொறியாளர்கள் தடுப்புச் சுவரோடு நிறுத்தாமல் சுவருக்குப் பின்னால் வடிகால் வைப்பது அதனால்தான். சுவர்களில் வரிசையாகத் துளைகள் பார்த்திருப்பீர்களே, அவை தண்ணீர் வெளியேறும் வாய்கள். அதை யாராவது அடைத்தால் சுவருக்கு ஆபத்து.

2017 நவம்பர் 4, 5 தேதிகளில் கொட்டிய மழையை எங்கள் வீட்டில் யாரும் மறக்கவில்லை. தீவு வெள்ளத்தில் மிதந்தது. கொடிமலைப் பாதைகள் பல இடங்களில் சரிந்தன. துன் சார்டோன் சாலையிலும் மண் இறங்கி, போக்குவரத்து நின்றது. அதற்கு அடுத்த ஆண்டு, 2018 அக்டோபர் 19 அன்று, பாயா தெருபோங் பகுதியில் புக்கிட் கூகுஸ் சாலைக் கட்டுமானத் தளத்தில் நிலச்சரிவு. ஒன்பது தொழிலாளர்கள் இறந்தார்கள். எல்லாரும் வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள். நான் அப்போது இடைநிலைப்பள்ளியில் இருந்தேன். எங்கள் ஊர் நெரிசலைக் குறைக்கப் போட்ட சாலை அது. காடிக்குள் இதைச் சொன்னபோது யாரும் பேசவில்லை. பின்னிருக்கையிலிருந்து பாட்டி மட்டும், “அவங்க வீட்டுல யாரு போய்ச் சொல்லியிருப்பா?” என்றார்.

துன் சார்டோன் அழகான சாலை. 1975 முதல் 1981 வரை பினாங்கு ஆளுநராக இருந்த துன் சார்டோன் ஜூபிரின் பெயர் அதற்கு. வளைவுக்கு வளைவு காடு கிட்டே வந்து, கண்ணாடியைத் தொட்டுவிடும்போல நிற்கும். ஏறும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இறங்கும்போதுதான் என் அனுபவமின்மை வெளிப்பட்டது. வளைவு வந்தால் பிரேக், நேராக வந்தாலும் பிரேக். ஐந்தாவது வளைவில் ரப்பர் கருகுவதுபோல் ஒரு நாற்றம். சித்தியவான் தோழி ஜன்னலை இறக்கிப் பார்த்து, “வெளியிலேர்ந்து இல்ல, நம்ம காடிதான்” என்றாள். நல்லவேளையாக அஞ்சுங் இண்டா ஓய்விடம் பக்கத்தில் இருந்தது. நிறுத்தி, இருபது நிமிடம் சக்கரத்தை ஆறவிட்டோம். அப்பாவுக்குப் போன் செய்து திட்டு வாங்கினேன். தானியங்கி காடியாக இருந்தாலும் நீண்ட இறக்கத்தில் கியரைத் தாழ்த்தி ‘எல்’-இல் வைக்க வேண்டும். இயந்திரமே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தினால் சூடேறிப் பிடிக்காமலே போய்விடலாம். ஓட்டுநர் பள்ளியில் இதைச் சொன்னார்கள். தேர்வுக்குப் படித்துவிட்டு மறந்துபோனேன். புதிதாக உரிமம் எடுத்தவர்கள் என்னைப்போல் நாற்றம் வந்த பிறகு நினைவுகூராதீர்கள்.

அந்தத் தாமதம் ஒரு லாபத்தைத் தந்தது. அஞ்சுங் இண்டாவிலிருந்து பார்த்தால் பாலிக் புலாவ் சமவெளி ஒரு தட்டுபோல் விரிந்து கிடக்கிறது. நெல்வயல், தென்னை, அப்பால் கடல். காலையில் பார்த்த ஜார்ஜ் டவுனும் இதுவும் ஒரே தீவு என்று நம்ப முடியவில்லை. ‘பாலிக் புலாவ்’ என்றால் தீவின் பின்புறம். பெயரே சொல்கிறது, முன்புறம் என்பது கிழக்கில் இருக்கும் நகரம் என்று முடிவு செய்தவர்கள் யார் என்று. பாலிக் புலாவ்காரர் ஒருவரிடம் கேட்டால் நாங்கள்தான் பின்புறம் என்பாரோ?

ஊருக்கு நடுவே வட்டச்சாலையில் ஒரு பழைய கல் நீரூற்று நிற்கிறது, 1882-இல் செல்வந்தர் கோ சியாங் தாட் கொடுத்தது. நோன்பு மாதமாதலால் மலாய்க் கடைகள் மூடியிருந்தன. சீனர் கடை ஒன்றில் லக்சாவும் ஜாதிக்காய்ச் சாறும். ஜாதிக்காயும் கிராம்பும் கிழக்கிந்தியக் கம்பெனி மலுக்குத் தீவுகளிலிருந்து கொண்டுவந்து இங்கே நட்டவை. 1860-களில் நோய் வந்து ஜாதிக்காய்த் தோட்டங்கள் பெரும்பாலும் அழிந்தன. மிச்சம் மீதிதான் இப்போது நம் கோப்பையில் ஐந்து வெள்ளிக்குள் கிடைக்கிறது. டுரியானுக்கு இது பருவமில்லை. மே இறுதியிலிருந்து ஜூலை வரை வந்தால் ‘ஆங் ஹே’, ‘ஹோர் லோர்’ என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்கலாம். அப்போது மலைச்சரிவு முழுதும் மரத்தடியில் வலை கட்டியிருப்பார்கள். பழம் தானாக விழ வேண்டும், ஆனால் உருண்டு அடிவாரம் போய்விடக் கூடாது. செங்குத்தான நிலத்தில் விவசாயம் செய்கிறவர்களின் கணக்கு அது.

அங்கிருந்து தெலுக் பஹாங் போகும் வடக்குச் சாலை இன்னும் வளைவானது. இம்முறை ‘எல்’ கியரில், அப்பாவை மனத்தில் வைத்துக்கொண்டு ஓட்டினேன். தித்தி கெராவாங் அருவி மழையில்லாக் காலத்தில் மெலிந்திருந்தது. சாலையோரத்தில் ஜாதிக்காய் ஊறுகாய் விற்கும் கடைகள். பிறகு தெலுக் பஹாங் அணையின் பச்சை நீர். பாட்டி ஒரு வளைவுக்கும் பயப்படவில்லை. குளுவாங் தோழிதான் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள்.

தெலுக் பஹாங் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ரமலான் சந்தையில் கூட்டம். அதே சாலையில் மஞ்சள் உடையில் நம்மவர்கள் கூட்டம். நோன்பு துறக்கப் பலகாரம் வாங்குகிறவர்களும், அம்மனுக்குப் பூமாலை தூக்கிக்கொண்டு போகிறவர்களும் ஒருவருக்கொருவர் வழிவிட்டு நடந்தார்கள். காடி நிறுத்த இடம் தேடி அரை மணி நேரம் போயிற்று. இதற்கும் ஒரு யோசனை: 101-ஆம் எண் பேருந்து ஜார்ஜ் டவுனிலிருந்து தெலுக் பஹாங் வரை வருகிறது, திருவிழா அன்று அதுவே நல்லது.

இருட்டியதும் அம்மன் தெப்பத்தில் ஏறினாள். விளக்குகளால் அலங்கரித்த தெப்பம் கரையிலிருந்து மெல்ல விலகி, கறுத்த நீரில் தன் வெளிச்சத்தை இரண்டாக்கிக்கொண்டு போனது. மேளமும் கடலும் மாறி மாறிக் கேட்டன. சித்தியவான் தோழி மீனவர் ஊர்க்காரி, கடலைப் பார்த்தே வளர்ந்தவள். அவளே வாயைத் திறக்காமல் நின்றாள். பின்னால் திரும்பிப் பார்த்தால் மலை. காலையில் நாங்கள் நின்ற உச்சி அங்கிருந்து தெரியவில்லை. கரிய முதுகு ஒன்று மட்டும் வானத்தை மறைத்துக்கொண்டிருந்தது.

பக்தர்கள் சிறு விளக்குகளைக் கடலில் விடத் தொடங்கினார்கள். மாசி மகத்தில் முன்னோர்களை நினைத்துக்கொள்வது வழக்கம். பாட்டியும் ஒரு விளக்கு வாங்கினார். மணலில் அவர் சறுக்காமல் நான் ஒரு கையையும் குளுவாங் தோழி மறு கையையும் பிடித்துக்கொண்டோம். முழங்கால் அளவு நீரில் குனிந்து, விளக்கை விடும்போது ஒரு பெயரைச் சொன்னார். அலைச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை.

“யாரு பாட்டி?”

“எங்கப்பா.”

இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். சொன்னார். கைப்பேசியை எடுத்துத் தட்டச்சு செய்யப் போனேன். நடுவில் ஓர் எழுத்தில் தயங்கினேன். “பாட்டி, ‘ள’வா ‘ழ’வா?”

பாட்டி என்னை விநோதமாகப் பார்த்தார். “யாரு எழுதினா? கூப்பிட்டாங்க, வந்தாரு” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, “அம்மா கூப்பிடுறப்போ நாக்கு மேல போகும்” என்று சொல்லி, தன் அம்மா கூப்பிட்ட மாதிரியே ஒரு தடவை கூப்பிட்டுக் காட்டினார்.

‘ழ’ என்று எழுதினேன்.